ஒரு வார்த்தை விடாமல்

குழாயக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததற்கு அவரேதான் காரணம். மொழிபெயர்ப்பாளர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சி கொடுத்த வாத்தியார் சொன்னதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தார். "நாம ஒரு குழாய் மாதிரி. இந்தப் பக்கம் ஊத்துனது அந்தப் பக்கம் வரணும். குழாய் உப்பும் போடாது, சர்க்கரையும் போடாது." கேட்டவர்கள் சும்மா விடுவார்களா? ஒரே வாரத்தில் அவர் குழாயக்கா ஆகிவிட்டார். வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்குக் குழாய்ல தண்ணி நல்லா வந்துச்சா?" என்று கேட்பார்.

பிழைக்க வந்த அந்த நாட்டில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, பள்ளிக்கூடம் என்று எங்கே ஒரு தமிழ் வாய் மாட்டிக்கொண்டு முழித்தாலும் அவருக்குத்தான் போன் வரும். அந்த வட்டாரத்தில் அரசாங்க அட்டை வைத்திருக்கிற தமிழ் மொழிபெயர்ப்பாளர் அவர் ஒருத்தர்தான்.

அந்த வேலைக்கென்று சில சட்டதிட்டங்கள் உண்டு. அறைக்குள் யார் எதைச் சொன்னாலும் மறுபக்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். யோசனை சொல்லக்கூடாது. வெளியே போய்ப் பழகக்கூடாது. அப்புறம், பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். திருடன் ஒருத்தன் 'நான் எடுக்கலங்க' என்றால் குழாயக்காவும் 'நான் எடுக்கவில்லை' என்று அந்த நாட்டு மொழியில் சொல்வார். பிரசவ வார்டில் 'ஐயோ எனக்கு வலிக்குது' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. பெற்றது என்னவோ ஒரே ஒரு பிள்ளை.

ஒரே ஒரு தடவைதான் அவர் சறுக்கினார். கோர்ட்டில் ஒரு பெரியவர் கேள்வி புரியாமல் திருதிருவென்று முழித்தபோது மனசு கேட்காமல், "ஆமான்னு சொல்லுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். நான்கு மாசம் வேலை கிடையாது. இன்னொரு முறை இப்படி நடந்தால் அட்டையே போய்விடும் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் கிழித்துப் போடவில்லை. பீரோவில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அன்றிலிருந்து கூட்டாமல் குறைக்காமல் பேசுகிறவர் என்று பேர் வாங்கினார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இந்த நிலைமையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் புகார் கொடுக்க வந்திருக்கிறாள், பாஷை புரியவில்லை, உடனே வர முடியுமா என்று கேட்டார்கள்.

சின்ன அறை. தரையோடு திருகி வைத்த மேசை, மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. மேசை மேல் ஒலிப்பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விசாரிக்கிற பெண் போலீஸுக்கு நல்ல ஜலதோஷம். நொடிக்கொரு தரம் டிஷ்யூவை உருவி மூக்கைத் துடைத்துக்கொண்டே, வந்தவளைப் பார்த்துச் சிரித்துவைத்தாள். நல்ல மாதிரி என்று குழாயக்கா நினைத்தார்.

வந்த பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் கொடுத்து எடுப்பதில் இரண்டு முன்னங்கையிலும் விரல் நுனியிலும் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு. பையை மடியிலேயே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாயக்கா தமிழில் வணக்கம் சொன்னதும் அவள் தோள் இறங்கியதைப் பார்க்க வேண்டுமே. அப்பாடா, நம்ம ஆள் ஒருத்தர் வந்துவிட்டார் என்கிற நிம்மதி முகத்தில் அப்படியே தெரிந்தது.

"ஒன்பது நாளாங்க ஒருத்தன் பின்னாடியே வர்றான்," என்று ஆரம்பித்தாள். வேலை முடிந்து சலவைப் பிரிவின் பின்பக்க கேட்டைத் தாண்டினால் எதிர் பஸ் ஸ்டாப்பில் நிற்பானாம். இவள் நடந்தால் நடப்பான், நின்றால் நிற்பான். பழுப்பு ஜாக்கெட், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். முந்தாநாள் பையின் வாரைப் பிடித்து இழுத்திருக்கிறான். நேற்று ஏதோ சொல்லிச் சிரித்தான், என்ன சொன்னான் என்று இவளுக்குப் புரியவில்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது என்றாள்.

"பிரமாதமாகக் கவனித்திருக்கிறீர்கள்," என்றாள் பெண் போலீஸ். குழாயக்கா அதைத் தமிழில் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

"எப்படியாவது இது சீக்கிரம் சரியாகணும்ங்க. என் மக வரப்போறா." புருஷன் இறந்து மூன்று வருஷம். மகளுக்கு ஏழு வயசு, ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவளை இங்கே கூட்டிக்கொள்ள எழுதிப் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது, கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று போன மாசம்தான் கடிதம் வந்தது. போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு வாண்டு, வாயை ஈயென்று காட்டிக்கொண்டு நின்றது. பெண் போலீஸ்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பெண் போலீஸ் படிவத்தில் அடுத்து இருந்த கேள்வியைக் கேட்டாள். அந்தச் சமயங்களில் உங்களைப் பாதுகாத்துக்கொள்ள நீங்கள் ஏதாவது செய்தீர்களா?

குழாயக்கா அதைத் தமிழில் கேட்டார். வந்தவள் பெண் போலீஸைப் பார்க்காமல் குழாயக்காவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, எங்க அண்ணன் அனுப்பி வெச்ச பெப்பர் ஸ்ப்ரே பையில இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?"

கேட்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. நான் ஒன்றும் வெறுங்கையோடு அலைகிற ஏமாளி இல்லை, எனக்காக யோசிக்க அண்ணன் இருக்கிறான் என்கிற பெருமிதம்.

குழாயக்கா அந்தப் பையைப் பார்த்தார். அந்த நாட்டில் பெப்பர் ஸ்ப்ரே ஆயுதப் பட்டியலில் இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கையில் வைத்திருந்தாலே குற்றம். எத்தனையோ குற்றப் பத்திரிகைகளை அவரே தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார். ஊரில் அதே சாமான் மருந்துக்கடையில் பற்பசைக்குப் பக்கத்தில் தொங்கும். தங்கச்சி தனியாக இருக்கிறாளே என்று வாங்கி அனுப்புகிற அண்ணன் சட்டப் புத்தகத்தையா புரட்டிப் பார்ப்பான்?

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொன்னால் பதிவாகும். பீரோவில் இருக்கிற கடிதம் கண் முன்னால் வந்து நின்றது. பெண் போலீஸ் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயக்கா வாயைத் திறந்தார். "என் அண்ணன் அனுப்பிய பெப்பர் ஸ்ப்ரே என் பையில் இருக்கிறது. எடுத்துக் காட்டலாமா?" என்று அந்த நாட்டு மொழியில் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

டிஷ்யூவை உருவப் போன பெண் போலீஸின் கை அப்படியே நின்றது. அவள் முகமும் வாடிப்போனது. "மெதுவாக எடுத்து மேசை மேல் வையுங்கள்," என்றாள்.

அந்தப் பெண் சந்தோஷமாக எடுத்து வைத்தாள். ஒரு குழந்தையின் காலுறைக்குள் சுருட்டியிருந்தது. பார்சலில் அண்ணன் அனுப்பியபடியே இருந்தது. உள்ளங்கை நீளத்தில் ஒரு சின்ன டப்பா. அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டி, அம்புக்குறி போட்டு, பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பெண் போலீஸ் கேட்டாள். குழாயக்கா குனிந்து பார்த்தார்.

"'இந்தப் பக்கம் அமுக்கு, பாப்பா' என்று எழுதியிருக்கிறது."

"பாப்பா என்பது யார்?"

"நான்தாங்க," என்றாள் அந்தப் பெண். "அண்ணன் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவான்."

"நான்தான்," என்றார் குழாயக்கா. "என் அண்ணன் இன்னும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்."

எதற்காக இதைக் கூடவே வைத்திருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. பையில் கிடந்தது, மறந்துவிட்டேன் என்று சொன்னால் லேசாகப் போய்விடும். ஒரு ஆள் மேல் அடிக்கத்தான் என்று சொன்னால் முடிந்தது கதை. இது அந்த நாட்டில் பிறந்த சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பாவி மகள், உள்ளதை உள்ளபடி சொன்னாள். "அவன் கிட்ட வந்தான்னா கண்ணுல அடிச்சிட்டு ஓடத்தாங்க."

குழாயக்கா அதையும் சொன்னார். பெண் போலீஸ் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

அதற்குப் பிறகு அறைக்கு இன்னொருவர் வந்தார், ஒரு உறைக்குள் டப்பாவைப் போட்டு ஒட்டினார், காலுறையையும் சேர்த்துத்தான். உங்களுக்கு இன்னின்ன உரிமை உண்டு என்று படித்தார்கள். குழாயக்கா வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்து அறையில் கண்ணாடித் தட்டின் மேல் விரல்களை வைக்கச் சொன்னபோதுதான் அவளுக்கு என்னவோ நடக்கிறது என்று உறைத்தது. சூட்டுத் தழும்பு விழுந்த விரல் நுனிகளை மெஷின் சரியாகப் படிக்கவில்லை. திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார்கள்.

"அக்கா," என்றாள், "நான்தானே புகார் குடுக்க வந்தேன்?"

அதையும் சொல்லியாக வேண்டும். "நான்தானே புகார் கொடுக்க வந்தேன்?" என்றார் குழாயக்கா. இன்னொரு தரம் விரலை வைக்கச் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் வழக்கம்போல, "குழாய்ல தண்ணி வந்துச்சா?" என்றார். குழாயக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய், தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தார்.

தேய்க்கத் தேய்க்கத்தான் அது ஞாபகத்துக்கு வந்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம், அவரும் ஒரு அலுவலகத்தில் துடைக்கிற வேலை பார்த்தார். இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாது. பயத்தில் கோட்டுப் பையில் ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள் வைத்திருந்தார். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் கைக்குட்டை எடுக்கும்போது அது கீழே விழுந்து கொஞ்சம் சிதறியது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், எந்த ஊர்க்காரி என்றுகூடத் தெரியாது, பொட்டலத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, குப்பைத்தொட்டியைக் கையால் காட்டினாள். பாஷை கிடையாது, பழக்கம் கிடையாது. இவர் போட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான் நடந்தது.

குழாயக்காவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. ஒலிப்பதிவுப் பெட்டிக்குக் காது மட்டும்தான், கண் இல்லை. வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். அவள் 'காட்டட்டுமா' என்று கேட்டபோது தலையை ஒரே ஒரு தரம் ஆட்டியிருந்தால் போதுமே. பெண் போலீஸ் பார்த்திருப்பாளா? பார்த்திருந்தாலும் பார்த்திருக்கலாம், குனிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டும் இருந்திருக்கலாம். சொன்னதைச் சொல்லத்தான் வேண்டும் என்றாலும், சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னத் தலையாட்டல். அப்போது இந்தத் தலைக்கு என்ன கேடு வந்தது?

"என்னம்மா ஆச்சு?" வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணுமில்ல. தலையாட்டியிருக்கலாம்."

"யாருக்கு?"

வெளியே சொல்லக்கூடாது என்பதும் சட்டம்தானே. குழாயக்கா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டு அழுதார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, கழுவி வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார்.

வழக்கு வந்தது. மொழிபெயர்க்கக் குழாயக்காதான் போனார். அபராதம் பெரிதில்லை. ஜட்ஜ் நல்லபடியாகத்தான் பேசினார், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது என்றார். ஆனால் குற்றம் குற்றம்தான் என்று பதிவேட்டில் ஏறிவிட்டது. பழுப்பு ஜாக்கெட்காரனைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. மூன்றே வரி. ஆள் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை, கோப்பு மூடப்படுகிறது.

அதற்கு இரண்டு மாசம் கழித்துக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து குழாயக்காவுக்கு அழைப்பு வந்தது. மகளைக் கூட்டிக்கொள்ளும் விண்ணப்பத்துக்கு நேர்காணல், அதே பெண். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த தேதி கிடைக்க நான்கு மாசம் ஆகும். அந்தக் குழந்தையை இன்னும் நான்கு மாசம் காக்க வைக்க நான் யார் என்று நினைத்து ஒப்புக்கொண்டார்.

நடைபாதை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். இப்போது அந்த பஸ் ஸ்டாப் இருக்கிற தெருவைத் தவிர்க்க முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டு நடக்கிறாள் என்பது பிறகு உள்ளே தெரிந்தது. குழாயக்காவைக் கண்டதும் எழுந்து நின்று, "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்றாள். வெளியே பேசக்கூடாது. குழாயக்கா தலையை ஆட்டினார். இப்போது மட்டும் நன்றாக ஆடியது பாழாய்ப்போன தலை.

உள்ளே இருந்த அதிகாரி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு சாது மனிதர். பெப்பர் ஸ்ப்ரே தடைசெய்யப்பட்ட பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"தெரியாதுங்க. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, மெஷினுக்குள்ள கையை விடாதன்னு சொன்னாங்க. சிவப்பு விளக்கு எரிஞ்சா ரோட்டைத் தாண்டாதன்னு சொன்னாங்க. குப்பையைப் பிரிச்சுப் போடச் சொன்னாங்க. எல்லாம் கேட்டு நடந்தேன். இதை மட்டும் யாரும் சொல்லலங்க."

குழாயக்கா சொன்னார். "இதை மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை."

"உங்கள் அண்ணன் இதை அறிவாரா?"

"அவன்கிட்ட இன்னும் சொல்லலங்க. பேப்பர் வேலை லேட்டாகுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். தான் வாங்கிக் குடுத்ததால பிள்ளை வர முடியலன்னு தெரிஞ்சா அவன் உடைஞ்சு போயிடுவான்."

அதிகாரி வெகுநேரம் காகிதங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். பதிவேட்டில் ஆயுதக் குற்றம் இருக்கும்போது தன்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்றார். இந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மறுபடி விண்ணப்பிக்க ஐந்து வருஷம் ஆக வேண்டும்.

குழாயக்கா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். இதைத் தமிழில் சொல்ல உலகத்தில் வேறு ஆளே இல்லையா என்று இருந்தது. சொன்னார்.

அவள் அழவில்லை. விரல்களை மடக்கி எண்ணினாள். "அப்ப அவளுக்குப் பன்னிரண்டு."

"அப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது," என்றார் குழாயக்கா. அந்த அறையில் அவர் 'நான்' என்றால் அது அந்தப் பெண்தான். மன்னிச்சிடும்மா என்று கேட்கக்கூட அவருக்கு அங்கே தனியாக ஒரு வாய் இல்லை.

அதிகாரி கடைசியாக ஒரு படிவத்தை எடுத்தார். நேர்காணல் முடிவில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. குழாயக்கா ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். இன்று அதையும் தமிழில் கேட்டார்.

"இன்றைக்கும், இதற்கு முன்னால் நடந்த விசாரணைகளிலும், மொழிபெயர்ப்பாளர் மேல் உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

அந்தப் பெண் நிமிர்ந்து குழாயக்காவைப் பார்த்தாள். போலீஸ் ஸ்டேஷனில், 'காட்டட்டுமா' என்று கேட்டுவிட்டுப் பார்த்தாளே, அதே மாதிரி நேராகப் பார்த்தாள். அன்று இருந்த சிரிப்பு மட்டும் இல்லை. அந்தச் சட்டம் இவருக்கு அன்றே தெரியும் என்பதை அவள் எப்போதோ புரிந்துகொண்டிருக்கிறாள். குழாயக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. திட்டிவிடு தாயே, எல்லாவற்றையும் சொல், ஒன்று விடாமல் நானே எடுத்துச் சொல்கிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

"குறை ஒண்ணும் இல்லைங்க," என்றாள் அவள். "நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூட விடாம சொன்னாங்க."

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். குழாயக்கா அந்த நாட்டு மொழியில் சொன்னார். "குறை ஒன்றும் இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னார்."

அதிகாரி கட்டத்தில் ஒரு குறி போட்டு, படிவத்தை இருவர் பக்கமும் திருப்பி வைத்தார். முதலில் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். அவள் கொடுத்த பேனாவை வாங்கி, அதற்குக் கீழே குழாயக்காவும் போட்டார்.